அறுத்தால் தலை யாருக்கு?

"மனுசனுக்கே கிடைக்காத வைத்தியம் ஆட்டுக்கு எதுக்குடா?" என்று மாமா கேட்டார், ஓர் ஆட்டின் மூளையில் ஒபரேசன் செய்யலாம் என்று டொக்டர் சொன்னபோது. அவர் கேட்டுப் பல மாதங்கள் ஓடிவிட்டன. அந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. மாமா கல்நெஞ்சக்காரர் இல்லை. அவருடைய தம்பி தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் மலையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டபோது, ஸ்கேனுக்கு நாள் கிடைக்கும்வரை ஓர் ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அவர்தான். எங்கள் பக்கத்தில் மூளை, நரம்பு என்று ஏதாவது வந்தால் கண்டிக்குத்தான் அனுப்புவார்கள். போவதற்கு வாகனம் பிடிக்க வேண்டும், அங்கே பேசச் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், போன நாளுக்குப் பேர் விழாது. இதையெல்லாம் பட்டவர் கேட்ட கேள்விக்கு "உயிர் எல்லாம் ஒன்றுதானே மாமா" என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

ஆடு என் சித்தியுடையது. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறார். சித்தப்பா போனபிறகு மகனின் டியூசன் காசு, தீபாவளித் துணி, திடீரென்று வரும் மருந்துச் செலவு எல்லாம் லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, பின்னால் கட்டியிருக்கும் ஆடுகளை நம்பித்தான் நடக்கின்றன. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது எத்தனை பேச்சு, எத்தனை சண்டை! அந்தச் சம்பளத்தில் அரிசிக்கும் பருப்புக்கும் கடைக் கடனுக்கும் போனபின் மீதி என்ன என்று லயத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பெட்டையாடு வருடா வருடம் குட்டி போடும். அதுதான் சேமிப்பு. நோய் வந்தது அந்தப் பெட்டைகளில் இளசுக்கு. இன்னும் முதல் குட்டி போடாதது.

முதலில் அது மற்ற ஆடுகளோடு சேராமல் ஒதுங்கி நின்றது. தலையை வலப்பக்கம் சாய்த்தபடியே இருந்தது. அப்புறம் சுற்ற ஆரம்பித்தது. பட்டிக்குள் வலப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி, புழுக்கையும் தழையும் கிடந்த தரையில் வட்டமாக ஒரு தடமே விழுந்துவிட்டது. கல்யாண முருங்கைத் தழையை இடப்பக்கமாக நீட்டினால் கண்டுகொள்ளாது, வலப்பக்கம் நீட்டினால் தின்னும். கண்ணூறு என்றார்கள். முனி அடித்துவிட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டினார்கள். இளைப்பதற்குள் அறுத்துவிட்டால் கறியாவது தேறும் என்றார்கள். கடைசியாகச் சொன்னவர்களில் மாமாவும் ஒருவர். லயத்தில் இதுதான் வழக்கம், இதில் யாரையும் குறைசொல்ல நான் வரவில்லை.

கையுறை போட்டுக்கொண்ட டொக்டர்

வந்த மிருக வைத்தியர் இளம் வயது, எங்கள் மலையகத்துப் பிள்ளை, பேராதனையில் படித்தவர். இலங்கையில் மிருக வைத்தியம் படிக்க வேண்டுமென்றால் பேராதனைப் பல்கலைக்கழகம்தான். அவர் ஆட்டைத் தொடுவதற்கு முன்னால் கையுறை போட்டுக்கொண்டு, "நாய் ஏதாவது கடிச்சுச்சா அம்மா?" என்று சித்தியிடம் கேட்டார். விசர்நாய் கடித்த ஆடும் விநோதமாக நடந்துகொள்ளும். அந்த ஆட்டின் வாயில் கைவிட்டுத் தழை ஊட்டிப் பார்ப்பவர்களுக்கு அது உயிராபத்து. மூளைநோய் என்று சந்தேகம் வந்த ஆட்டின் எச்சிலில் வெறும் கை படக்கூடாது என்பதை அன்றைக்குத்தான் லயத்தில் பலர் முதல்முறையாகக் கேட்டார்கள்.

சுற்றுகிற ஆடெல்லாம் ஒரே நோயால் சுற்றுவதில்லை. லிஸ்டீரியா என்ற பக்டீரியா மூளைத்தண்டைப் பிடித்தாலும் ஆடு சுற்றும். ஆனால் அதில் காய்ச்சல் வரும், ஒருபக்கக் காது தொங்கும், உதடு கோணும், எச்சில் வழியும், எல்லாம் சில நாட்களுக்குள் நடந்து முடிந்துவிடும். விட்டமின் பி1 குறைந்தால் தலையை அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி நிற்கும், கண் தெரியாமல் போகும். அதற்கு ஊசி போட்டால் எழுந்துவிடும், நேரத்தோடு போட வேண்டும் அவ்வளவுதான். இலங்கையில் ஆடு வளர்ப்பவர்களுக்கு இன்னொன்றும் பழக்கம்: மாட்டின் வயிற்றுக்குள் தொல்லை தராமல் வாழும் செட்டேரியா என்ற புழுவின் குஞ்சுகளை நுளம்பு ஆட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும், அவை முள்ளந்தண்டுக்குள் வழிதவறிப் போய்ப் பின்னங்காலை இழுத்துவிடும். இதில் எதற்குமே கத்தி வேலைக்காகாது.

சித்தியின் ஆட்டுக்குக் காய்ச்சல் இல்லை, முகம் கோணவில்லை, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறிய நோய். டொக்டர் விரலை விரித்து அதன் வலக்கண்ணுக்கு முன்னால் கொண்டுபோனார். இமைத்தது. இடக்கண்ணுக்கு முன்னால் கொண்டுபோனார். இமைக்கவேயில்லை. வேகமாக ஆட்டினால் காற்றுப்பட்டே கண் மூடிவிடும் என்பதால் மிக மெதுவாகச் செய்தார். பிறகு கொம்படிக்குப் பின்னால் பெருவிரலால் மண்டையோட்டை அமுக்கிக்கொண்டே வந்தவர் வலப்பக்கம் ஓரிடத்தில் நிறுத்தி, என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். எலும்பு இருக்க வேண்டிய இடம் லேசாக உள்ளே போனது. வலப்பக்கமாகச் சுற்றுகிறது, இடக்கண் தெரியவில்லை, வலமண்டை மென்மையாகிவிட்டது: மூன்றும் மூளையின் வலப்பாதியைக் காட்டின. கண்ணிலிருந்து போகும் நரம்புகளில் பெரும்பகுதி எதிர்ப்பக்க மூளைக்கே கடப்பதால் இடக்கண்ணின் இருட்டுக்குக் காரணம் வலப்பக்கத்தில் இருக்கிறது. ஸ்கேன் இல்லாத இடத்தில் ஒரு மனிதர் விரலாலும் கண்ணாலும் மட்டுமே ஓர் ஆட்டின் மூளைக்குள் இடம் குறிப்பதைப் பார்த்தது எனக்குப் பெரிய விசயம். மண்டை மென்மையாவது எல்லா ஆட்டிலும் நடக்காது, அது பிந்தித்தான் வரும் என்றும் சொன்னார்.

அந்த வலப்பாதியில் இருப்பது ஒரு புழுவின் கொப்புளம் என்றார். அது வரும் வழி இதுதான்: நாயின் குடலில் ஒரு நாடாப்புழு வாழ்கிறது. பெயர் டீனியா மல்டிசெப்ஸ். ஒரு மீற்றர் வரைகூட நீளும், நாய்க்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நாயின் மலத்தோடு அதன் முட்டைகள் வெளியே வந்து புல்லில் ஒட்டுகின்றன. ஆடு தின்றால் முட்டை குடலில் வெடித்து, குஞ்சு இரத்தத்தோடு ஓடி மூளைக்கோ முள்ளந்தண்டுக்கோ போய்ச் சேர்கிறது. அங்கே மாதக்கணக்கில் தண்ணீர் நிறைந்த ஒரு கொப்புளமாக வளர்ந்து, ஐந்து சென்ரிமீற்றர், சிலவேளை அதற்கும் மேல் பருத்து, மூளையை நெரிக்கிறது. பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட இளம் ஆடுகளுக்குத்தான் வரும். முட்டைகளுக்கு வெயிலும் வறட்சியும் ஆகாது, ஈரமும் குளிரும் ஆகும். எங்கள் மலையில் இரண்டுக்கும் குறைவில்லை. தண்ணீர் ஓடும் கான் ஓரத்திலும் பாதையோரத்திலும் சித்தி அறுத்துக் கட்டிக்கொண்டு வரும் புல்லைப் பற்றி அதற்குமுன் நான் இப்படி யோசித்ததே இல்லை.

வாசல் இஸ்தோப்பில் நடந்த பேச்சு

ஒபரேசன் செய்து அந்தக் கொப்புளத்தை எடுத்துவிடலாம், ஆடு பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் உறுதி தர முடியாது என்று டொக்டர் சொன்னபோதுதான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார், டொக்டரைக் கேட்க மனம் வரவில்லை. யாரும் பேசவில்லை. அப்புறம் மாமாவே டொக்டர் பக்கம் திரும்பி, "அறுத்துப்புட்டா முடிஞ்சு போச்சுங்களே. பாவம், அதுவும் கஷ்டப்படாது" என்றார்.

டொக்டர் மறுக்கவில்லை. "அறுக்கலாங்க. கறியில கொப்புளம் இல்லாட்டி சாப்புடவும் செய்யலாம். தலைய என்ன செய்வீங்க?"

"நோய் புடிச்ச தலைய யாரு திம்பா? நாய்க்குப் போட்டுருவோம்."

"அதத்தாங்க இந்தப் பூச்சி பார்த்துக்கிட்டு இருக்கு."

நான் அன்றிலிருந்து திரும்பத் திரும்ப யோசிப்பது இந்த நாலு வரிப் பேச்சைத்தான். அந்தக் கொப்புளத்தின் உள்சுவரில் ஒன்றல்ல, நூற்றுக்கணக்கான புழுத்தலைகள் ஒட்டியிருக்கின்றன. நாய் அதைத் தின்றால் ஒவ்வொரு தலையும் ஒரு நாடாப்புழுவாக வளரக்கூடியது. கிட்டத்தட்ட ஆறு வாரத்தில் அந்த நாயின் மலத்தில் மறுபடி முட்டை வரத் தொடங்கிவிடும். காட்டில் இது எப்படி நடந்திருக்கும்? சுற்றுகிற ஆடு மந்தையிலிருந்து பிரியும், ஓநாயோ நரியோ அதை எளிதாகப் பிடிக்கும், தலையைக் கடித்துத் தின்னும். புழு வீடு திரும்பிவிடும். எங்கள் லயத்தில் ஓநாய் கிடையாது. அந்த வேலையை நாமே கத்தி எடுத்துச் செய்துகொடுக்கிறோம்.

எங்கள் சமையலில் ஆட்டுத்தலைக்கு என்ன மரியாதை என்று சொல்லத் தேவையில்லை. முனியாண்டிக்குக் கிடாய் வெட்டினால் தலை யாருக்கு என்று பெரியவர்கள் முறைவைத்துப் பிரிப்பார்கள். தலைக்கறியும் மூளைப் பொரியலும் வீணாகப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. நல்ல ஆட்டின் தலை நன்றாக வெந்து மனிதர் வயிற்றுக்குப் போகிறது, அதில் எந்தப் புழுவும் பிழைக்காது. பயந்துபோய் ஒதுக்கும் தலை, சுற்றிச் சுற்றிச் செத்த ஆட்டின் தலை மட்டும் பச்சையாக நாய்க்குப் போகிறது. அதாவது புழு இருக்கும் தலையாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்து நாய்க்கு ஊட்டுகிறோம். "அறுத்தால் முடிந்தது" என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அறுத்தபோதெல்லாம் அடுத்த வருடத்து ஆட்டுக்கு நோயை விதைத்துக்கொண்டிருந்தோம். இதே லயத்தில் முன்பும் ஆடுகள் சுற்றியிருக்கின்றன. அவற்றின் தலைகள் எங்கே போயின என்று அன்று இஸ்தோப்பில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சித்தி அதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "ஒபரேசனைப் பண்ணுங்க டொக்டர். அறுத்தாலும் தலையைத் தோண்டிப் பொதைக்கணும்னா, அது உசுரோடயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

ஒரு நாணயத்தளவு ஓட்டை

ஆட்டை முதல்நாளே பட்டினி போட்டிருந்தார்கள். அசைபோடும் பிராணியை நிறைந்த வயிற்றோடு மயக்கினால் வயிறு ஊதி மூச்சை அடைக்கும், வாந்தி நுரையீரலுக்குப் போகும். அதனால் பக்கவாட்டில் படுக்கவிடாமல் நெஞ்சின்மேல் உட்கார்த்தி, தலையை ஒரு மூட்டையில் தாங்கிவைத்தோம். இடவயிறு ஊதுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது என் வேலை. ஆடுகளை மயக்கமருந்தும் மரப்பு ஊசியும் குறைந்த அளவிலேயே தாக்கும் என்பதால் மரப்பு மருந்தைத் தண்ணீர் கலந்து மெலிதாக்கி, கணக்குப் பார்த்துக் கணக்குப் பார்த்துப் போட்டார். மூளைக்குத் தனியாக வலி தெரியாது. வலியெல்லாம் தோலிலும் எலும்பின் மேலுறையிலும் மூளையைச் சுற்றிய சவ்விலும்தான்.

மயிரை மழித்து, தோலை வளைவாகக் கீறி ஒரு மடலைப் போலப் புரட்டினார். நடுக்கோட்டுக்குக் கீழே பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது, அதைத் தொடக்கூடாது. முன்னால் நெற்றிக்குள் காற்றறை இருக்கிறது, அதையும் திறக்கக்கூடாது. மீதமிருப்பது சிறிய இடம். வட்டவாய்க் கருவியை நிறுத்திக் கையால் முன்னும் பின்னும் திருகத் திருக எலும்புத்தூள் வெள்ளையாகச் சேர்ந்தது. மென்மையான இடம் என்பதால் நேரம் பிடிக்கவில்லை. நாணயத்தளவுக்கு எலும்பு கழன்று வந்ததும் கீழே இருந்த சவ்வு மேலே உப்பியது. அதைச் சிறிதாகக் கீறி ஊசியை விட்டு இழுத்தபோது ஊசிக்குழாயில் வந்தது கிணற்றுத்தண்ணீர் மாதிரித் தெளிவான நீர். நான் இரத்தமோ சீழோ வருமென்று எதிர்பார்த்திருந்தேன். நீர் குறைந்து தளர்ந்த கொப்புளத்தை இடுக்கியால் பிடித்து, அவசரப்படாமல் சுற்றிச் சுற்றி வெளியே இழுத்தார். ஈரமான மெல்லிய தோல், கண்ணாடியாகத் தெரிந்தது. அதன் உள்பக்கத்தில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு புழுத்தலை. கிண்ணத்தில் அதைப் போட்டதும் முதலில் வாசலில் இருந்த நாயை யாராவது விரட்டுங்கள் என்றார்.

எடுத்த எலும்பைத் திரும்ப வைக்கவில்லை. மேலுறையையும் தோலையும் மூடித் தைத்தார். வீக்கம் குறையவும் கிருமி பிடிக்காமலும் ஊசிகள் போட்டார். இன்னொரு கொப்புளம் வேறெங்காவது இருந்தால் இந்த ஒபரேசன் போதாது, அதை இப்போது சொல்ல முடியாது என்று சித்தியிடம் மறைக்காமல் சொன்னார். ஐரோப்பிய நாடுகளில் செம்மறிகளுக்கு இதைச் செய்தவர்களின் பதிவுகளில் பத்தில் ஏழெட்டு பிழைத்திருக்கின்றன. சித்தியின் ஆடும் பிழைத்தது. முதலில் சுவரில் சாய்ந்து நின்றது, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுவது நின்றது, இடப்பக்கம் நீட்டிய தழையையும் ஒருநாள் கடித்தது. சித்தி அன்றைக்கு எனக்குப் போன் எடுத்து அதைத்தான் சொன்னார், வேறெதுவும் பேசவில்லை.

இது ஏதோ புதிய ஆடம்பரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸ்கொட்லாந்து மேய்ப்பர்கள் சுற்றுகிற செம்மறியின் மூக்குவழியே கம்பியை ஏற்றி இந்தக் கொப்புளத்தைக் குத்தி உடைத்திருக்கிறார்கள். கேட்கவே கூசுகிறது, ஆனால் அதிலும் சில பிழைத்தன. 1850களில் கூக்கன்மைஸ்டர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்தக் கொப்புளத்தை நாய்க்கும், நாயின் புழுமுட்டையைச் செம்மறிக்கும் கொடுத்துப் பார்த்து, இரண்டும் ஒரே புழுவின் இரு பருவங்கள் என்று காட்டினார். பிரான்சில் 5000 ஆண்டுகளுக்கும் முந்திய பசுவின் மண்டையோடு ஒன்றில் மனிதர் கையால் துளைத்த ஓட்டை இருப்பதாக 2018இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வைத்தியமா, மனிதர்மீது செய்வதற்கு முன்னான பழக்கமா என்று அவர்களாலேயே முடிவுசெய்ய முடியவில்லை. கால்நடையை நம்பி வாழ்ந்தவர்கள் அதன் மண்டையைத் திறந்து பார்க்கவும் துணிந்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். மனிதனுக்கு அந்த வைத்தியம் கிடைக்கவில்லை என்பது உண்மை. அவருடைய தம்பி அந்த வாங்கில் காத்திருந்திருக்கக்கூடாது. அதற்கு நான் எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வந்து பேசுவேன். ஆனால் ஆட்டை அறுத்திருந்தால் அந்த வாங்கு ஓர் அங்குலமும் முன்னால் நகர்ந்திருக்காது. மலையகத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் பதிந்துபோயிருக்கிறது: கிடைக்காததையே பார்த்துப் பார்த்து, கிடைப்பதையும் நமக்கு எதற்கு என்று தள்ளிவிடுவது. லயத்துக்கு ஸ்கேன் எதற்கு, கொழுந்தெடுப்பவள் பிள்ளைக்கு உயர்தரப் படிப்பு எதற்கு, ஆட்டுக்கு ஒபரேசன் எதற்கு. இந்த மூன்று கேள்விக்கும் அடியில் ஒரே குரல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, அந்தக் குரல் முதலில் எங்களுடையதாக இருந்ததில்லை. மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ படிச்சவன், நல்லாத்தான் பேசுற" என்றார். சரி, அவருக்கு இன்னும் நேரம் வேண்டும்.

எனக்கு ஒபரேசனைவிட முக்கியமாகப் படுவது நாய்கள். ஒவ்வொரு ஆட்டின் தலையையும் திறந்துகொண்டிருக்க முடியாது, அதற்கு டொக்டரும் போதாது காசும் போதாது. நாய்க்குப் பிரசிகுவாண்டல் என்ற மாத்திரை, எடைக்கு ஏற்ற அளவில், ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. அவ்வளவுதான் தேவை. லயத்து நாய்க்குச் சொந்தக்காரர் யாரென்று கேட்டால் எல்லோரும் எல்லோரையும் பார்ப்பார்கள். ஆனால் விசர்நாய் ஊசி போட வருகிற நாளில் அதே நாய்களைப் பிடித்து வரிசையில் நிறுத்துகிறோமே! அன்றைக்கே ஊசியோடு மாத்திரையையும் கொடுத்துத் தொடங்கலாம், அடுத்த தவணைகளை லயத்துப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். நோயில் செத்த ஆட்டைக் கானில் வீசாமல், நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்கலாம், தலையை எரிக்கவும் செய்யலாம். கோயில் கமிட்டியில் இதைப் பேச எழுந்தபோது திருவிழாக் கணக்கு முடியட்டும் என்று உட்காரவைத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுவேன். டொக்டரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரைக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.